சாக்குடன் சேர்த்து 21.600 கிலோ: ஒரு கருணை மனு உருவான விதம்

ஒரு கஞ்சா வழக்கில், பிடித்த பொருளைப் பற்றிப் போலீஸ் எழுதிய பறிமுதல் மகஜரின் இரண்டாம் பக்கத்தில் நீல மையில் இப்படி எழுதியிருக்கிறது: மூட்டை ஒன்று 7.300, மூட்டை இரண்டு 7.200, மூட்டை மூன்று 7.100, ஆக மொத்தம் சாக்குடன் சேர்த்து 21.600 கிலோ. ‘சாக்குடன் சேர்த்து’ என்ற இரண்டு வார்த்தை விசாரணை நீதிமன்றத்தில் ஒரு தடவைகூட வாசிக்கப்படவில்லை. குறுக்கு விசாரணையில் அதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மேல்முறையீட்டு மனுவிலும் இல்லை. நான் அந்த வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது தண்டனை பெற்றவர் உள்ளே போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

நான் தருமபுரியில் வழக்கறிஞர். இலவச சட்ட உதவிப் பட்டியலில் என் பெயரும் உண்டு. இந்த வழக்கைப் பற்றி எழுத அவரிடமும் அவர் அம்மாவிடமும் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். ஊர் பெயரையும் அடையாளம் காட்டும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வழக்குக் கட்டில் அவருக்கு ‘ஏ2’, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் இரண்டாமவர், என்று பெயர். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நடந்தது 2018 ஜூன். மாங்காய் சீசன். ஏ2-வுக்கு அப்போது 24 வயது. பென்னாகரம் பக்கம் மலையடிவார கிராமம், எட்டாவதோடு படிப்பு நின்றவர், மினி லாரியில் லோடு ஏற்றி இறக்கும் வேலை. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு ஆந்திராவில் கூழ் பேக்டரிக்குப் போவார்கள், காலி கிரேட்டோடு திரும்புவார்கள். அன்றைக்குத் திரும்பும் வழியில், குப்பம் தாண்டி, கிரேட்டுகளுக்கு அடியில் மூன்று மூட்டை கஞ்சா இருந்தது. டிரைவர் ஏ1. மூட்டைகளை ஏற்றிவிட்டவர் ஏ3. அவர் தலைமறைவு என்று முதல் தகவல் அறிக்கையிலேயே போட்டிருந்தார்கள். இன்று வரை தலைமறைவுதான்.

இதற்கு மேல் நடந்ததைப் புரிந்துகொள்ள இருபது கிலோ என்ற கோட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்தபோது கஞ்சாவுக்கு எடைக் கணக்கு கிடையாது. எவ்வளவு வைத்திருந்தாலும் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. 2001-ல் திருத்தினார்கள். கொஞ்சமாக வைத்திருக்கிறவனையும் வியாபாரியையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. நடுவில் இருப்பது இடைப்பட்ட அளவு. இடைப்பட்ட அளவுக்கு அதிகபட்சம் பத்தாண்டு, குறைந்தபட்சம் என்று ஒன்றும் இல்லை. நீதிபதி இரண்டு வருடம் கொடுத்தாலும் சட்டப்படி சரி. வணிக அளவு என்றால் குறைந்தபட்சமே பத்தாண்டு, கூடவே ஒரு லட்சம் அபராதம். நீதிபதிக்கு மனமிருந்தாலும் ஒரு நாள் குறைக்க முடியாது. 19.9 கிலோவோடு பிடிபட்டவனுக்கும் 20.1 கிலோவோடு பிடிபட்டவனுக்கும் நடுவில் இருப்பது 200 கிராம், வீட்டில் கால்படி துவரம்பருப்பு அளவுகூட இல்லை.

வணிக அளவு என்று எழுதிவிட்டால் 37-ஆம் பிரிவும் வந்துவிடும். அரசு வழக்கறிஞர் எதிர்த்தால், ‘இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது’ என்று நீதிமன்றம் எழுதினால்தான் ஜாமீன். விசாரணையே ஆரம்பிக்காதபோது அதை எந்த நீதிபதி எழுதுவார்? ஏ2-வின் ஜாமீன் மனு இரண்டு முறை தள்ளுபடி. குற்றப்பத்திரிகைக்கு இந்தச் சட்டத்தில் 180 நாள் அவகாசம்; 172-ஆவது நாள் தாக்கல் செய்தார்கள். ஆக, பிடிபட்ட அன்றிலிருந்து ஒரு நாள்கூட வெளியே வரவில்லை. வண்டி மட்டும், உரிமையாளர் மனுப் போட்டு, எட்டாவது மாதம் வெளியே வந்து மறு சீசனுக்கு மாங்காய் ஏற்றப் போய்விட்டது.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. சுயேச்சை சாட்சிகள் இரண்டு பேரும் பிறழ் சாட்சி ஆனார்கள். போலீஸ் சாட்சிகள் உறுதியாகச் சொன்னார்கள். மற்ற வழக்குகளில் குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இங்கே 35, 54 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. பொருள் உன் வசத்தில் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், ‘தெரிந்தே வைத்திருந்தான்’ என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது உன் வேலை. லோடுமேன் எதை வைத்து நிரூபிப்பான்? 313-ஆம் பிரிவின்படி நீதிபதி நேரடியாகக் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஏ2 ‘தெரியாது’, ‘பொய்’ என்று பதில் சொல்லியிருந்தார். 2020 பிப்ரவரியில் இருவருக்கும் பத்தாண்டு கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம், கட்டாவிட்டால் மேலும் ஓராண்டு. 2022-ல் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அபராதம் கட்டாததற்கான ஓராண்டை மட்டும் மூன்று மாதமாகக் குறைத்தது. இப்படிக் குறைக்க வழி காட்டியது 2007-ல் ஷாந்திலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் ஒரு போதைப்பொருள் வழக்கு. ஏழையை ஏழை என்பதற்காக மூன்று வருடம் கூடுதலாக அடைத்து வைக்கக்கூடாது என்று ஆறு மாதமாக்கினார்கள்.

ஏ2-வின் அம்மா என்னிடம் வந்தது 2024 கடைசியில். மாதம் ஒரு தடவை பென்னாகரத்திலிருந்து தருமபுரி, அங்கிருந்து சேலம், மத்திய சிறை. விடிகாலை கிளம்பினால் இருட்டின பிறகுதான் வீடு. சிறையில் பார்க்கப் போவதை நம் பக்கம் ‘மனு பாக்கப் போறது’ என்றுதான் சொல்வார்கள். வாசலில் மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவது. அதனால் நான் “கருணை மனு போடலாம்மா” என்றதும் அவர் கேட்டார்: “அது எத்தன மணிக்கு வக்கீலம்மா? உள்ள உக்காந்து பேச விடுவாங்களா?”

சிரிப்பு வரவில்லை. விளக்க அரைமணி நேரம் ஆனது. அவருக்கு இருந்த கேள்வி வேறு. மகன் இருக்கும் பிளாக்கிலேயே ஒருவர் கொலைக் கேஸில் ஆயுள் தண்டனை. அவருக்கு நன்னடத்தைக்கும் வேலைக்கும் தண்டனைக் கழிவு எழுதுகிறார்கள். 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி, பத்தாண்டு முடித்த ஆயுள் கைதிகளை மாநில அரசு முன்விடுதலை செய்தபோது அந்த பிளாக்கிலிருந்தும் ஆட்கள் போனார்களாம். “எம் பையன் யாரையும் அடிக்கல. அவனுக்கு மட்டும் ஏன் ஒரு நாளும் கழிக்க மாட்டேங்கறாங்க?”

கேள்வி சரி. பதில் 32ஏ என்ற பிரிவில் இருக்கிறது. 1989-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம். இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்ற யாருடைய தண்டனையையும் நிறுத்தி வைக்கவோ, கழிக்கவோ, குறைக்கவோ கூடாது என்கிறது. பிரிவு 27-ல், அதாவது உபயோகித்ததற்காகத் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு. கொலைக் கைதிக்குத் திறக்கும் கதவு லோடுமேனுக்குச் சாத்தியிருப்பது இதனால்தான். அண்ணா பிறந்தநாள், குடியரசு தினம் எல்லாம் இவர்களுக்குக் காலண்டரில் சிவப்பு மையில் அச்சடித்த தேதிகள், அவ்வளவுதான்.

ஆனால் 2000 அக்டோபரில் தாது என்ற துளசிதாஸ் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இரண்டாக வெட்டியது. மேல்முறையீட்டின்போது தண்டனையை நிறுத்திவைக்கும் நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறிப்பது செல்லாது என்றது. நிர்வாகம் தண்டனையைக் கழிக்கக்கூடாது என்பதை அப்படியே விட்டது. பரோலுக்கு இது தடையில்லை என்றும் சொன்னது. அரசமைப்பின் 72, 161 ஆகிய உறுப்புகளின்படி குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் உள்ள அதிகாரத்தை ஒரு சாதாரணச் சட்டத்தால் தொட முடியாது என்பது 1980-ன் மாரு ராம் வழக்கிலேயே தீர்ந்த விஷயம். இந்தக் கதவு ஒன்றுதான் பாக்கி. சிறையிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ‘முன்விடுதலை செய்ய வேண்டி’ என்று சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதியவை. அது 32ஏ-வில் முட்டித் திரும்பிவிடும். தலைப்பில் ‘161’ என்று எழுதுவதா இல்லையா என்பதிலேயே பாதி மனுக்கள் செத்துப்போகின்றன.

இனி மனுவில் என்ன எழுதுவது என்ற கேள்வி.

முதலில் கட்டை முழுக்கப் படித்தேன். அப்போதுதான் அந்த இரண்டு வார்த்தை கண்ணில் பட்டது. மறுநாள் சந்தையில் தெரிந்த தானிய மண்டிக்காரரிடம் போய், அந்த அளவுக் கோணிப்பை ஒன்றைத் தராசில் வைக்கச் சொன்னேன். 650 கிராம் காட்டியது. மூன்றுக்கு 1.950. மூட்டை எடையில் அதைக் கழித்தால் 19.650. மண்டிக்காரர் “எதுக்கும்மா வெறும் சாக்க எட போடறீங்க?” என்று கேட்டார். பருத்தியோ நிலக்கடலையோ வாங்கும்போது சாக்கு எடையைக் கழிக்காமல் காசு கொடுக்கும் வியாபாரி இந்த மாவட்டத்தில் ஒருவர்கூட இல்லை. ஒரு ஆளின் பத்து வருடத்தை எடை போடும்போது யாரும் கழிக்கவில்லை.

நான் எடை போட்டது சாட்சியம் ஆகாது, தெரியும். அன்று பிடித்த சாக்கு அல்ல அது. ஆனால் மகஜர் ஆவணம்தான், நீதிமன்றத்தில் குறியீடு செய்யப்பட்ட சான்றாவணம்தான். 1988 டிசம்பரில் கேஹர் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது இங்கே உதவியது: கருணை மனுவைப் பார்க்கும்போது குடியரசுத் தலைவர் வழக்கின் சாட்சியங்களைத் தானே பரிசீலித்து, நீதிமன்றம் கண்ட முடிவிலிருந்து வேறுபடலாம், அது தீர்ப்பைத் திருத்துவது ஆகாது. நீதிமன்றத்தில் கேட்கத் தவறியதை இங்கே கேட்கலாம் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். உச்ச நீதிமன்றத்துக்குக் காலதாமத மன்னிப்போடு சிறப்பு அனுமதி மனுவும் தனியாக அனுப்பினோம். அது வேறு பாதை, இங்கே விவரிக்கவில்லை.

விட்டுவிட்ட வாதங்களையும் சொல்லிவிடுகிறேன், இதே போன்ற கட்டோடு உட்காரும் இளம் வழக்கறிஞருக்குப் பயன்படும். மகஜரில் ‘இலை, தண்டு, பூ, விதை கலந்த’ என்று இருக்கிறது. சட்டத்தின் விளக்கப்படி கஞ்சா என்பது பூவோ காயோ வைத்த நுனி. இலையையும் விதையையும் கழித்தால் இன்னும் குறையுமே என்று ஜூனியர் குதித்தார். வரையறையை நிதானமாகப் படித்தால், நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலைக்கும் விதைக்கும்தான் விலக்கு. நுனியோடு கலந்திருந்தால் அந்த விலக்கு பேசாது. வடக்கே சில மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற கடையில், கஞ்சா இலையில் செய்யும் பாங்கு விற்பது இந்த ஓட்டை வழியாகத்தான். நம் வழக்குக்கு அது பொருந்தாது, விட்டேன். மாதிரி எடுத்த முறையில் தவறு இருந்தது. சம்பவ இடத்திலேயே எடுத்திருக்கிறார்கள், மாஜிஸ்திரேட் முன்பு அல்ல. 2016-ன் மோகன்லால் தீர்ப்புக்கு விரோதம். 2023-ல் சிம்ரன்ஜித் சிங் வழக்கில் இதே காரணத்துக்கு விடுதலையே கிடைத்தது. ஆனால் 2025 ஜனவரியில் பாரத் ஆம்பலே வழக்கில், மாதிரி எடுக்கும் முறையைச் சொல்லும் 52ஏ பிரிவைப் பின்பற்றாதது மட்டுமே வழக்கை வீழ்த்திவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டேன்.

நண்பர் ஒருவர் அமெரிக்காவைச் சேர்க்கச் சொன்னார். 2022 அக்டோபரில் பைடன் கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்குப் பொது மன்னிப்பு அறிவித்ததை நம்மூர்ப் பத்திரிகைகளும் போட்டன. அதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்த அறிவிப்பால் அந்நாட்டு மத்திய அரசின் சிறைகளிலிருந்து ஒருவர்கூட வெளியே வரவில்லை, ஏனென்றால் வெறுமனே வைத்திருந்ததற்காக மட்டும் அங்கே யாரும் உள்ளே இல்லை. பழைய தண்டனைக் கறை நீங்கியது, அவ்வளவுதான். கடத்தியதற்கும் விற்றதற்கும் நீண்ட தண்டனை பெற்றவர்கள் அப்படியே இருந்தார்கள். வன்முறையில்லாத போதைப்பொருள் வழக்குகளில் ஏறக்குறைய 2,500 பேரின் தண்டனையை அவர் குறைத்தது 2025 ஜனவரி 17 அன்று, பதவியை விட்டு இறங்க மூன்று நாள் இருக்கும்போது. மேரிலாந்து ஆளுநர் 2024 ஜூனில் 1,75,000-க்கும் மேற்பட்ட தண்டனைகளை மன்னித்தார். அங்கேயும் இங்கேயும் சங்கடம் ஒன்றுதான்: மன்னிப்பு சுலபமாகக் கிடைப்பது ஏற்கெனவே வெளியே இருப்பவனுக்கு. இதை எல்லாம் மனுவில் போடவில்லை. கோட்டையில் உள்துறைக் கோப்பைப் புரட்டும் பிரிவு அலுவலருக்கு மேரிலாந்து எதற்கு?

கடினமான பத்தி வேறு. சிறையில் நேர்காணலில் ஏ2-விடம் கேட்டேன், “உண்மையிலேயே தெரியாதா தம்பி?” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “வாசன வந்துச்சுக்கா. நாள் கூலி அறநூறு. அன்னிக்கு ரெண்டாயிரம் தர்றேன்னாங்க. கேக்கல.”

நீதிமன்றத்தில் ‘தெரியாது’ என்று சொன்னவர், மனுவில் ‘சந்தேகம் இருந்தும் கேட்காமல் விட்டேன்’ என்று எழுதலாமா? என் சீனியரிடம் இரண்டு நாள் வாதம் செய்தேன். அவர் வேண்டாம் என்றார். சிறப்பு அனுமதி மனு நிலுவையில் இருக்கும்போது வாயைக் கொடுக்காதே என்றார். வழக்கறிஞராக அவர் சொன்னதுதான் சரி. ஆனால் நீதிமன்றத்தில் உனக்கு இரண்டே பதில்தான் இருந்தது: தெரியும் என்றால் பத்து வருடம், தெரியாது என்றால் நிரூபி. நடுவில் இருந்த உண்மைக்கு அங்கே இடம் இல்லை. கருணை மனுவில் இடம் உண்டு. ஏ2-விடமே எல்லா ஆபத்தையும் விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு எழுதச் சொன்னார். எழுதினோம். நான் செய்தது சரிதானா என்று இன்னும் முழுதாக உறுதியில்லை.

கோரிக்கை இரண்டாக வைத்தோம். அனுபவித்த ஆறரை ஆண்டோடு தண்டனையை முடித்துவைக்க வேண்டும். அது முடியாவிட்டால் அபராதத்தையும் அதற்கான மூன்று மாதத்தையும் நீக்க வேண்டும். சட்டம் மத்தியச் சட்டம், பொருளோ பொதுப்பட்டியலின் 19-ஆம் பதிவு, பிடித்தது மாநிலப் போலீஸ். யாருடைய நிர்வாக அதிகாரம் என்று பின்னால் ஒரு வருடம் கடிதம் போய்வரக்கூடாது என்பதற்காக 161-ன் கீழ் ஆளுநருக்கும் 72-ன் கீழ் குடியரசுத் தலைவருக்கும் தனித்தனியாக அனுப்பினோம். அமைச்சரவை பரிந்துரைத்தால் ஆளுநர் கட்டுப்பட்டவர் என்பது சட்டம். காலம் என்பது வேறு. பக்கத்து ஜோலார்பேட்டைக்காரர் பேரறிவாளனுக்கு அமைச்சரவை பரிந்துரைத்தது 2018 செப்டம்பர், அவர் வெளியே வந்தது 2022 மே, அதுவும் உச்ச நீதிமன்றம் சொல்லி.

மூன்றாவது மாதம் நன்னடத்தை அலுவலர் ஊருக்கு விசாரணைக்கு வந்தார். நான் போகவில்லை, போகவும் கூடாது. அம்மா போனில் சொன்னதுதான். நாலு வீட்டில் கேட்டிருக்கிறார். மூன்று வீட்டில், வந்தால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். நாலாவது வீட்டுப் பெரியவர் போடவில்லை. அவர் பேரன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் இந்தப் பழக்கத்தில் விழுந்து, இப்போது மாத்திரையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். “கஞ்சா கேசுக்கெல்லாம் நான் எழுதிக் குடுக்க மாட்டேன், தப்பா நெனைக்காத” என்று அம்மாவிடமே சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனுவை எதிர்க்கிறவர்கள் எல்லாம் இரக்கமில்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒரு தடவை அந்தத் திண்ணைக்குப் போய்விட்டு வரலாம். என் வருத்தம், அந்தப் பையனுக்குப் பொட்டலம் விற்றவனும் மூட்டை ஏற்றிவிட்ட ஏ3-யும் இந்தக் கட்டில் எங்கேயும் இல்லை என்பது.

அலுவலர் கேட்ட கடைசிக் கேள்வி, வெளியே வந்தால் என்ன வேலை என்பது. அண்ணன் பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறார். அங்கே சேர்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். “லாரி வேலைக்கு விடமாட்டேன்” என்று அவராகவே ஒரு வரி சேர்த்தாராம்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் சத்தமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். கோப்பு பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி பதில், கோப்பு எண்ணோடு. அம்மா அந்தத் தாளை மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். கோப்பு எண் மனப்பாடம். ஏ1 டிரைவரின் மனைவியும் போன வாரம் ஏ2-வின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதே மகஜர், அதே மூன்று மூட்டை. ஏ1-க்கான மனுவை இப்போது டைப் செய்துகொண்டிருக்கிறோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டிரைவரின் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: “இது உள்ள போய்ப் பாக்கற மனு இல்ல கண்ணு. வேற மனு. மேல ஒன்னு அறுவத்தொன்னுன்னு எழுதிருக்கான்னு பாத்துக்க.”